கட்டடத் தொழிலாளருக்கு வேலை: கூட்டுறவு காட்டும் வழி

(அங்கத்தினர் படிப்புக் கூட்டத்திற்குரிய பாடம்)

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களின் வழியாக விடியற்காலையில் செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். சாலைகள் கூடும் முனைகளிலும் தேநீர்க் கடை வாசல்களிலும் ஆண்களும் பெண்களும் கூட்டமாக நின்றுகொண்டிருப்பார்கள். ஒருவர் பையில் கரணையும் ரசமட்டமும் இருக்கும். மற்றொருவர் கையில் சோற்றுத் தூக்கு இருக்கும். மேஸ்திரி வருவார், விரலால் சுட்டிச் சிலரை அழைத்துச் செல்வார். ஒன்பது மணிக்குள் அழைக்கப்படாதவர் வந்த வழியே வீடு திரும்புவர். அன்றைக்கு அவர் வீட்டில் கூலி இல்லை.

“நெசவாளருக்கும் விவசாயிக்கும் உரிய ஏட்டில் கொத்தனாரைப் பற்றி என்ன பேச்சு?” என்று அங்கத்தினர் கேட்கக்கூடும். அதற்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, அந்த முனையில் நிற்பவர்கள் நமக்கு அந்நியர் அல்லர். தறி ஓசை அடங்கிய வீடுகளிலிருந்தும், மழை பொய்த்த வயல்களிலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் பலர். பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறிக்குழியில் கால் வைத்துத் தொழில் கற்ற குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று நகரத்து வேலையை நாடுகின்றனர். இரண்டாவது, அவர்கள் இன்று படும் துன்பம் நாம் நேற்றுப் பட்ட துன்பமே. அதற்கு நாம் கண்ட மருந்து அவர்களுக்கும் உதவுமா என்று ஆராய்வது நம் கடமையாகும்.

1. சிறுபான்மையோர் யார்?

கட்டட வேலையில் எல்லாருக்கும் ஒரே நிலை இல்லை. உள்ளூரில் பிறந்து, மேஸ்திரிக்கு உறவினராயிருப்பவருக்கு முதலில் வேலை கிடைக்கிறது. ஒடிசா, பீகார், ஆந்திரம், வங்காளம் முதலிய இடங்களிலிருந்து வந்து, நம் மொழி தெரியாமல் நிற்பவருக்கு அவரை அழைத்து வந்த தரகர் சொன்னதே கூலி. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவருக்கு மண் வெட்டும் வேலையும் கல் சுமக்கும் வேலையும் கிடைக்கின்றன. கரணை பிடிக்கும் வேலை எளிதில் கிடைப்பதில்லை. பெண்களின் நிலையோ இன்னும் வருந்தத்தக்கது. இருபது ஆண்டுகள் கலவை சுமந்த பெண்ணும் சித்தாளாகவே இருக்கிறாள். அவள் கண் முன்னே பெரியாளாக வந்த இளைஞன் கொத்தனாராகிவிடுகிறான். தொழில் அறிவில் அவள் குறைந்தவள் என்பதால் அன்று. அவள் கையில் கரணையைக் கொடுப்பார் இல்லை என்பதாலேயே இந்நிலை.

ஆகவே இப்பாடத்தில் சிறுபான்மையோர் என்று நாம் குறிப்பது எண்ணிக்கையை மட்டும் கருதி அன்று. வேலை பகிரும் இடத்தில் தமக்காகப் பேச ஆள் இல்லாதவர் அனைவரையும் அச்சொல்லால் குறிக்கின்றோம்.

2. வேலை எவ்வழியாக வருகிறது?

கட்டட உரிமையாளர் ஒப்பந்தக்காரரிடம் வேலையை ஒப்படைக்கிறார். ஒப்பந்தக்காரர் சென்ட்ரிங், கம்பி கட்டுதல், சுவர் எழுப்புதல், பூச்சு என வேலையைப் பிரித்துத் துணை ஒப்பந்தக்காரரிடம் விடுகிறார். அவர் மேஸ்திரியை நாடுகிறார். மேஸ்திரி ஆள் திரட்டுகிறார். உரிமையாளர் கொடுக்கும் கூலி இத்தனை கைகளையும் கடந்த பின்னரே தொழிலாளியை அடைகிறது. ஒவ்வொரு கையிலும் சிறிது ஒட்டிக்கொள்வது இயல்பே.

இவ்வழியில் கூலிக் குறைவைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. தொழிலாளி யாரிடம் வேலை செய்தான் என்பதற்கு எழுத்தில் சான்று இல்லை. முன்பணம் வாங்கியவன் அதைக் கழிக்கும் வரை வேறிடம் செல்ல இயலாது. விபத்து நேர்ந்தால், “இவன் என் ஆள் அல்லன்” என்று ஒவ்வொருவரும் ஒதுங்க வழி பிறக்கிறது.

நெசவாளர்களே! இது உங்களுக்குப் புதிதன்று. நூல் கொடுத்துச் சேலை வாங்கிச் சென்ற முதலாளியிடம் உங்கள் பாட்டனார் இவ்வாறே கட்டுண்டிருந்தார். விவசாயிகளே! விதைப்புக்கு முன்பணம் தந்து, அறுவடையில் விலை சொன்ன மண்டிக்காரரை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். இடையில் நிற்பவர் தீயவர் என்பது நம் வாதம் அன்று. வேலைக்கும் உழைப்புக்கும் இடையே உள்ள வாசலின் சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் நல்லவராயினும் மற்றவர் அவர் முகத்தையே பார்த்து நிற்க நேரிடும்.

அந்தச் சாவியைப் பொதுவில் வைப்பதற்கே கூட்டுறவு தோன்றியது. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தபோது, சென்னை மாகாணத்தில் முதலில் பதிவான கடன் சங்கம் திரூரில் அமைந்தது. அவ்வூர் ஆவடிக்கு மேற்கே, திருவள்ளூர் செல்லும் வழியில், செவ்வாப்பேட்டைக்கு அருகில் இருக்கின்றது. ஆகவே இம்மேற்குப் புறநகருக்குக் கூட்டுறவு இரவல் கருத்து அன்று. இந்த மண்ணிலேயே வேரூன்றியது.

3. தமிழ்நாட்டுத் தொழிலாளர் சேர்ந்து கண்ட பயன்

1979-இல் கட்டடத் தொழிலாளருக்கென்றே தமிழ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. சுப்பு, இரா. கீதா ஆகியோர் அதனைக் கட்டி வளர்த்தனர். இன்று ஓரிடம், நாளை வேறிடம் என்று திரியும் தொழிலாளரை ஒரு முதலாளியின் வாசலில் வைத்துத் திரட்ட இயலாது. ஆதலால் அவர்கள் குடியிருக்கும் இடங்களிலும் வேலைக்குக் காத்து நிற்கும் முனைகளிலும் அவர்களைத் திரட்ட வேண்டியிருந்தது. 1982-இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது.

இதற்கிடையில் 1985-இல், பல மாநிலச் சங்கங்களும் பொதுநல அமைப்புகளும் ஒன்றுகூடி, கட்டடத் தொழிலாளருக்கு மத்தியச் சட்டம் கோரும் தேசியப் பிரசாரக் குழுவை நிறுவின. நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அதற்குத் தலைமை தாங்கினார். 1986-இல் நாடாளுமன்றத்திடம் மனு அளிக்கப்பட்டது. பத்தாண்டு முயற்சிக்குப் பின், 1996-இல் கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டமும், அதனோடு தீர்வைச் சட்டமும் நிறைவேறின. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தீர்வை வசூலிக்கலாம் என்பது விதி. நூற்றுக்கு ஒன்று எனக் கொண்டால், ஒரு கோடி ரூபாய்க் கட்டடம் எழும்போது ஒரு இலட்சம் ரூபாய் தொழிலாளர் நலநிதியைச் சேரும். 18 வயது நிரம்பி 60 வயதுக்கு உட்பட்டு, முந்தைய ஓராண்டில் 90 நாட்கள் கட்டட வேலை செய்தவர் எவரும் பதிவு பெறலாம் என்று அச்சட்டம் கூறியது. பிறந்த மாநிலம் எதுவென்று அது கேட்கவில்லை.

சட்டம் வந்ததும் எல்லாம் நடந்துவிடவில்லை. பல மாநிலங்களில் தீர்வைப் பணம் வசூலாகியும் தொழிலாளரைச் சேரவில்லை. அத்தேசியக் குழுவே உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2018 மார்ச்சு 19-ஆம் நாள் அளித்த தீர்ப்பில், இச்சட்டங்கள் நிறைவேற்றப்படாத நிலையை நீதிமன்றம் கண்டித்தது. பின்னர் இச்சட்டங்கள் 2020-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் சேர்க்கப்பட்டன. அத்தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. தீர்வையும் நலவாரியமும் புதிய தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளன.

இங்கே அங்கத்தினர் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சங்கங்கள் முதலில் கேட்டது நலநிதி மட்டும் அன்று. துறைமுகத் தொழிலாளருக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டமும், மகாராஷ்டிரத்துச் சுமை தூக்குவோருக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டமும் செய்ததைப்போல, தொழிலாளரைப் பட்டியலிட்டு வேலையை முறையாகப் பகிரும் முத்தரப்பு வாரியமே அவர்கள் கோரிக்கை. 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுப் பெயரிலும் வேலையை முறைப்படுத்துதல் என்ற சொல் இருக்கின்றது. ஆயினும் நடைமுறையில் கிடைத்தது உதவித்தொகையே. பிள்ளைகளின் படிப்புக்கும், மகப்பேற்றுக்கும், விபத்துக்கும், முதுமைக்கும் உதவி உண்டு. நாளைக் காலை யாருக்கு வேலை என்பதை மட்டும் இன்றும் சாலை முனையே தீர்மானிக்கிறது.

4. சான்று இல்லாமையின் விலை

2014 ஜூன் 28-ஆம் நாள் மாலை, போரூருக்கும் மாங்காட்டுக்கும் இடையே உள்ள மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டு வந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து வீழ்ந்தது. 61 பேர் மாண்டனர். அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். பூந்தமல்லியிலிருந்து சிறிது தொலைவில், நம் வாசலிலேயே நேர்ந்த துயரம் அது.

இத்தகைய விபத்தின்போது எழும் முதற் கேள்வி, “உள்ளே இருந்தவர் எத்தனை பேர்? அவர்கள் பெயர் என்ன?” என்பதே. ஒழுங்கான பெயர்ப் பதிவேடு இருந்தால் ஒரு நொடியில் விடை கிடைக்கும். இல்லையேல் தொலைவிலுள்ள தாயும் மனைவியும் செய்தியின்றித் தவிக்க நேரும். ஆதலால் தொழிலாளியின் பெயரை எழுதி வைப்பது கணக்கர் வேலை மட்டும் அன்று, உயிரோடு தொடர்புடையது.

5. ஊராளுங்கல் கற்பிக்கும் பாடம்

வேலை மறுக்கப்பட்டவர்களே கூடி வேலையை உண்டாக்கிய வரலாறு ஒன்று உண்டு. வடமலபாரில் வடகரைக்கு அருகே ஊராளுங்கல் என்ற ஊரில், வாக்படானந்த குரு சாதி வேற்றுமையையும் மூட வழக்கங்களையும் எதிர்த்துப் போதித்து வந்தார். அவர் கூற்றை ஏற்ற ஏழை உழைப்பாளருக்கு ஊரார் சிலர் வேலை தர மறுத்தனர். கடன் தரவும் மறுத்தனர். கருத்துக்காக ஒதுக்கப்பட்ட அச்சிறுபான்மையோர் மனம் தளரவில்லை. முதலில் ஐக்கிய நாணய சங்கம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டனர். பிறகு 1925 பிப்ரவரியில் 14 பேர் கூடி, கூலி வேலைக்காரரின் பரஸ்பர சகாய சங்கத்தை நிறுவினர். தொடக்க மூலதனம் ஆறணா என்று கூறுவர். அன்று மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாகையால், அது நம் மாகாணத்துச் சங்கமே.

சாலை போடுதல், மதகு கட்டுதல் போன்ற சிறு வேலைகளை ஒப்பந்தம் எடுத்துத் தாமே செய்தனர். பலேரி கணாரன் மாஸ்டர் பல பத்தாண்டுகள் தலைமை ஏற்று அதனை வளர்த்தார். இன்று ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தருகின்றது. பெரும் பாலங்களையும் சாலைகளையும் கட்டுகின்றது. 2025-இல் அதற்கு நூறு ஆண்டு நிறைந்தது.

அதன் வெற்றிக்குரிய காரணங்களை ஆராய்ந்தால் மூன்று தெரியும். ஒன்று: நிர்வாக சபையில் அமர்வோர் வேலை செய்யும் அங்கத்தினரே. இரண்டு: ஒவ்வொரு வேலையிடத்தின் தலைவரும் மாலையில் சபையாரோடு கூடி, அன்றைய வேலையையும் செலவையும் மறுநாள் தேவையையும் பேசித் தீர்க்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. மூன்று: தரம் குறையாத வேலை. தரம் இருந்தமையால் வேலை அவர்களைத் தேடி வந்தது.

ஆயினும் அங்கும் ஒரு கேள்வி உண்டு. வேலை பெருகியபோது உறுப்பினரல்லாதாரையும் வெளிமாநிலத்தாரையும் அமர்த்த நேர்ந்தது. ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்டவர் நடத்தும் சங்கத்தில், இன்று வெளியே நிற்பவருக்கு எப்போது பங்கு கிடைக்கும்? வளர்ந்த ஒவ்வொரு சங்கமும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. நம் சங்கமும் விலக்கு அன்று.

6. அமெரிக்க நகரங்களின் அனுபவம்

அமெரிக்காவில் கட்டடத் தொழிலில் கறுப்பின மக்கள் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தனர். அங்கே பல தொழிற்சங்கங்களே அவர்களுக்கு வாசலை அடைத்திருந்தன. 1969-இல் சிகாகோவில் பல சமூக அமைப்புகள் கூட்டணி சேர்ந்து, கட்டட வேலைகளை மறித்து நிறுத்தின. 1970 சனவரியில் ‘சிகாகோ திட்டம்’ என்ற உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆனால் அதை நிறைவேற்றும் கட்டாயம் எவருக்கும் இல்லாமையால், அத்திட்டம் மறு ஆண்டே குலைந்தது.

சியாட்டில் நகரில் டைரி ஸ்காட் என்ற மின் தொழிலாளர் முன்னின்ற போராட்டம் வேறு வழியில் சென்றது. 1970-இல் நீதிமன்றம், கறுப்பினத் தொழிலாளரைச் சேர்த்துப் பயிற்சி தர வேண்டும் என்று ஆணையிட்டது. அதே ஆண்டில் தொழிலாளர் ஐக்கிய கட்டடத் தொழிலாளர் சங்கத்தை அமைத்து, ஆணை நடக்கிறதா என்று தாமே கண்காணித்தனர். ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பினர். இரு நகரங்களையும் ஒப்பிட்டால் நமக்கு விளங்குவது இதுவே: வாக்குறுதி வேலை தராது, யார், எங்கே, எந்த நாளில் சேர்க்கப்பட்டார் என்று பட்டியல் வைத்துக் கேட்பவர் இருந்தால்தான் வேலை கிடைக்கும்.

7. நம் சங்கங்கள் செய்யக்கூடியவை

முதலாவதாக, நம்மிடமே வேலை உண்டு. கிடங்குக்குச் சுவர் எழுப்புகிறோம். தறிக்கூடத்துக்கு ஓடு மாற்றுகிறோம். அங்கத்தினர் வீடு கட்டுகின்றனர். இவ்வேலைகளை, ஒழுங்காகப் பெயர் பதிந்த தொழிலாளர் குழுவுக்குக் கொடுப்பது என்று மகாசபையில் தீர்மானிக்கலாம்.

இரண்டாவதாக, சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு திறக்கலாம். பெயர், ஊர், தெரிந்த தொழில், நலவாரியப் பதிவு எண், வேலை பார்த்த நாட்கள் ஆகியவற்றை அதில் எழுதுவோம். வாரியப் பதிவு இல்லாதவருக்கு மனு எழுதித் தருவோம். மொழி தெரியாதவருக்கு அவர் மொழி அறிந்த ஒருவரைத் துணை சேர்ப்போம்.

மூன்றாவதாக, போதிய அளவு பேர் சேர்ந்ததும் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் அமைக்க வழிகாட்டலாம். இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு வேலைக்குக் கூலி மட்டும் ரூ. 1,00,000 என்று கொள்வோம். இடையில் நிற்பவர் நூற்றுக்குப் பதினைந்து எடுத்தால், ரூ. 15,000 போய்விடும். சங்கமாயின் அத்தொகையில் கருவிக்கும் கணக்கருக்கும் ரூ. 5,000, சேமநிதிக்கு ரூ. 3,000 ஒதுக்கலாம். எஞ்சிய ரூ. 7,000-ஐ 140 ஆள்நாட்களுக்குப் பகிர்ந்தால், நாளொன்றுக்கு ரூ. 50 கூடுதலாகக் கிடைக்கும். சேமநிதி அவர்களுடையதாகவே வளரும்.

நான்காவதாக, ஒவ்வொரு குழுவிலும் இரண்டு சித்தாள்களுக்கேனும் கரணை வேலை கற்பிக்க வேண்டும் என்று விதி செய்யலாம். கற்கும் காலத்திலும் அவர்கள் கூலி குறையலாகாது.

இதற்கு மறுப்புகள் எழும். “வெளியூரார் வந்துதான் நம் பிள்ளைகளின் கூலி குறைந்தது, அவர்களுக்கு நாம் உதவுவதா?” என்பர் சிலர். இக்கவலை பொய் அன்று. ஆனால் கூலி குறைவது அவர் வந்ததால் மட்டும் அன்று. அவர் குறைந்த கூலிக்கு இசைய வேண்டிய நிலையில் தனித்து நிற்பதால். அவரும் ஒரே பட்டியலில், ஒரே கூலியில் சேர்ந்துவிட்டால், அவரைக் காட்டி நம் பிள்ளையின் கூலியைக் குறைக்க எவராலும் இயலாது. “மேஸ்திரி முன்பணம் தருகிறாரே, சங்கம் தருமா?” என்பர் வேறு சிலர். இது சரியான கேள்வி. நோய்க்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அவசரக் கடன் தராத சங்கம் மேஸ்திரியை வெல்ல முடியாது. ஆகவே சிறு கடன் நிதி முதல் நாளிலிருந்தே வேண்டும். மேஸ்திரிகளுள் நேர்மையும் தொழில் தேர்ச்சியும் உடையோர் பலர். அவர்களையே வேலையிடத் தலைவராகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்பர்களே! அம்பத்தூரில் தொழிற்பேட்டையையும், ஆவடியில் தொழிற்சாலைகளையும், பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்து மாடிகளையும் கட்டிய கைகள், நாளை விடியலில் மீண்டும் சாலை முனையில் காத்திருக்கும். நம் கிடங்குச் சுவர் ஒன்றேனும் அக்கைகளின் பெயர் எழுதப்பட்ட பதிவேட்டைக் கொண்டு எழட்டும். தொடக்கத்திற்கு அதுவே போதும்.

படிப்புக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கம் சென்ற மூன்றாண்டுகளில் கட்டட வேலைக்குச் செலவிட்ட தொகை எவ்வளவு? அவ்வேலையைச் செய்தவர் பெயர் நம்மிடம் உண்டா?

2. நம் அங்கத்தினர் குடும்பங்களில் கட்டட வேலைக்குச் செல்வோர் எத்தனை பேர்? அவர்களில் நலவாரியத்தில் பதிவு பெற்றவர் யார்?

3. ஊராளுங்கலில் 14 பேர் தொடங்கிய முறையை நம் ஊரில் பின்பற்றுவதற்குத் தடை யாது? அதனை நீக்கும் வழி யாது?

4. வேற்று மொழி பேசும் தொழிலாளரை அங்கத்தினராகச் சேர்க்க நம் துணைவிதிகள் இடம் தருகின்றனவா? இல்லையேல் அடுத்த மகாசபையில் என்ன திருத்தம் கொண்டுவரலாம்?